கால் எட்டாத வண்டியும் கனம் குறைந்த ஓட்டுநரும்

டூரிங் பைக் வாங்க நினைக்கும் குட்டையானவர்கள் விவரப் பட்டியலில் முதலில் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான்: சீட் உயரம். 800 மில்லிமீட்டர் என்றால் நம்பிக்கை பிறக்கிறது; 850 என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். நானும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஆள்தான். கவட்டிலிருந்து குதிகால் வரை 73 சென்டிமீட்டர். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து நின்றாலும் 63 கிலோவைத் தாண்டுவதில்லை. இந்த இரண்டாவது அளவை இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

சீட் உயரம் என்ற எண் பொய்யில்லை, ஆனால் அரைகுறை. தரையிலிருந்து சீட்டின் தாழ்வான இடம் வரை நேர்க்கோட்டில் அளந்து எழுதிவிடுகிறார்கள். கால்கள் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. சீட்டின் விளிம்பு, பக்கவாட்டுப் பிளாஸ்டிக், எஞ்சினின் புடைப்பு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டுதான் இறங்குகின்றன. சீட்டின் முன்பகுதி ஒடுங்கிய 830 மில்லிமீட்டர் வண்டியில் வசதியாக நிற்பவர், அகலமான சீட் கொண்ட 800 மில்லிமீட்டர் வண்டியில் நுனிக்காலில் தள்ளாடுவதுண்டு. பிஎம்டபிள்யூ நிறுவனம் இதற்காகவே ஒரு பாதத்திலிருந்து சீட்டின் மேலாக மறு பாதம் வரையிலான வளைவின் நீளத்தையும் தன் விவரப் பட்டியலில் தருகிறது. ஹார்லி டேவிட்சன் 180 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 82 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்த பிறகு சீட் எந்த உயரத்தில் இருக்கும் என்பதையும் சொல்கிறது. இரண்டுமே நல்ல வழக்கங்கள். ஆனால் இரண்டாவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. 82 கிலோ ஆளுக்கு இறங்கும் அளவு எனக்கு இறங்காது என்பதை அந்த வரியில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு கேள்வியையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு எட்டினால் போதும்? இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு டூரிங் வண்டிகளில் பெரிய தேர்வு கிடையாது. ஹோண்டா கோல்ட் விங்கின் சீட் உயரம் 745 மில்லிமீட்டர். அவ்வளவு பெரிய வண்டிக்கு அது வியப்பான அளவு. சாகசப் பயணத்துக்கான உயரமான வண்டிகளில் அப்படிப்பட்ட தயவை எதிர்பார்க்க முடியாது. என் கணக்கு வேறு. இரண்டு கால்களின் முன்பாதமும் அழுந்தப் பதிய வேண்டும்; அல்லது லேசாகச் சாய்ந்தால் ஒரு கால் முழுமையாகப் பதிய வேண்டும். அந்த 'லேசாக' என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

250 கிலோ வண்டி ஒன்று, அதன் எடை மையம் தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 5 டிகிரி சாய்ந்தால், ஒரு மீட்டர் உயரத்தில் உள்ள ஹேண்டில்பாரைப் பிடித்து அதை நிறுத்த ஏறக்குறைய 13 கிலோ அளவு விசை போதும். யாராலும் முடியும். 15 டிகிரி சாய்ந்துவிட்டால் அதே வண்டிக்கு 39 கிலோ வேண்டும். மேலே பெட்டியில் துணிமணிகளும் கருவிகளும் ஏறிவிட்டால் எடை மையம் இன்னும் உயரும், கணக்கு இன்னும் மோசமாகும். கால் எட்டாததால் வண்டி விழுவதில்லை. கால் தரையைச் சந்திப்பதற்குள் வண்டி எத்தனை டிகிரி சாய்ந்துவிட்டது என்பதால்தான் விழுகிறது. ஆகவே நமக்குத் தேவைப்படுவது சில டிகிரிகள். அந்தச் சில டிகிரிகளுக்குச் சில சென்டிமீட்டர்கள். முழு வண்டியையும் தரையோடு தரையாக இறக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி எடைக்கு வருகிறேன்.

மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட எடையுள்ள ஆளை மனத்தில் வைத்துத் தேர்வு செய்யப்படுகிறது. அந்த ஆள் நானல்ல. குட்டையான ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கனம் குறைந்தவர்களாகவும் இருக்கிறோம். கனமானவர் ஏறியதும் இரண்டு அங்குலம் அமிழும் வண்டி, நாம் ஏறினால் ஓர் அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. உயரமானவருக்குத் தாழ்ந்தும் குட்டையானவருக்கு உயர்ந்தும் நிற்கும் ஒரே வண்டி! கால் எட்டவில்லை என்று புலம்பும்போது, நம் எடைக்கு அந்த ஸ்பிரிங் பொருந்தவில்லை என்பதும் அந்தப் புலம்பலில் கலந்திருக்கிறது. தாழ்த்துவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் இந்த வழியில் கிடைக்கும் உயரக் குறைவு இலவசம். அதற்காக எதையும் இழக்க வேண்டியதில்லை. வண்டி முன்பைவிட நன்றாகவும் ஓடும்.

இதைக் கண்டுபிடிக்க அளவு நாடா, ஒட்டும் காகித நாடா, பொறுமையான இரண்டு பேர் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். அச்சாணிக்கு நேர்மேலே, வால்பகுதியின் பிளாஸ்டிக்கில் நாடாத் துண்டை ஒட்டி அதில் பேனாவால் ஒரு கோடு. அச்சாணியின் நடுவிலிருந்து அந்தக் கோடு வரை முதல் அளவு. பிறகு வண்டியை இறக்கி, வாலை ஓரிரு முறை அழுத்திவிட்டு, தானாக நின்ற இடத்தில் இரண்டாவது அளவு. பிறகு பயணத்துக்கான முழு உடையோடு ஏறி உட்கார்ந்து, இரண்டு கால்களையும் பெக்கில் (ஓடும்போது பாதம் வைக்கும் கட்டையில்) வைத்துக்கொண்டு மூன்றாவது அளவு. முன்னால் ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி நிறுத்த வேண்டும்; எனக்கு அந்த வேலையைச் செய்தவர் ஆறடிக்கு மேல் உயரமுள்ள நண்பர். அளவு எடுத்தவரோ தரையில் மண்டியிட்டு, சீல்களின் உராய்வால் ஷாக் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதிர்வைத் தாங்கும் உருளை) எங்கே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பதற்காக வாலை மெல்ல அழுத்திவிட்டு ஓர் அளவு, மெல்லத் தூக்கிவிட்டு ஓர் அளவு என்று எடுத்து, இரண்டின் சராசரியை எழுதினார். இந்தச் சராசரியை விட்டுவிட்டால் ஐந்தாறு மில்லிமீட்டர் வரை ஏமாறலாம்.

சக்கரம் தொங்கும் நிலையிலிருந்து வண்டி எவ்வளவு கீழே அமிழ்கிறது என்பதைத்தான் இந்த அளவுகள் சொல்கின்றன. நான் அதை அமிழ்வு என்றே எழுதுகிறேன். டூரிங் வண்டிக்கு, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில், சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த நகர்வில் ஏறக்குறைய 30 சதவீதம் அமிழ்ந்தால் நல்லது. வண்டி தன் எடையில் மட்டும் 10 சதவீதம் போல. என் வண்டியின் பின்சக்கர நகர்வு 170 மில்லிமீட்டர். ஆகவே நான் உட்கார்ந்ததும் 51 மில்லிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது 34. வண்டி தன் எடையில் மட்டும் அமிழ்ந்தது 12. இன்னும் எதையும் கழற்றவே இல்லை, அதற்குள் 17 மில்லிமீட்டர் கையில் கிடைத்துவிட்டது.

அப்படியானால் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுத்துவைத்திருக்கும் அழுத்தத்தை, தளர்த்தினால் போதாதா என்று கேட்கலாம். தளர்த்தலாம், வண்டி இறங்கும். ஆனால் பிரீலோடு என்பது ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை. ஸ்பிரிங் எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது என்பதைத்தான் மாற்றுகிறது. 51 வரும்வரை நான் தளர்த்தினால், ஆளில்லாத அமிழ்வும் கூடவே 29-க்குப் போய்விடும். ஆள் ஏறியதும் சரியான இடத்துக்கு வருகிறது, ஆனால் ஆளில்லாமலேயே தேவைக்கு மேல் அமிழ்ந்து கிடக்கிறது என்றால் ஸ்பிரிங் விறைப்பு அதிகம் என்று பொருள். கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். விறைப்பான ஸ்பிரிங் என் எடைக்குக் கொஞ்சமே வளைகிறது. மீதி இறக்கத்தை எல்லாம் பிரீலோடைத் தளர்த்தி வாங்க வேண்டியிருக்கிறது. என் வண்டியில் இருந்தது ஒரு மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங். என் எடைக்கு 90 பொருந்தும் என்று கணக்கு வந்தது.

இந்த இடத்தில் ஸ்பிரிங்கை வெட்டச் சொல்லும் அன்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா ஊர்களிலும் இருப்பார்கள்போல. ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டால் உயரம் குறையும் என்பது உண்மை. வேலை செய்யும் சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகும் என்பதும் உண்மை. தட்டையாகத் தேய்க்கப்பட்ட நுனி போய்விடுவதால் அது தன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது என்பது அதற்கு மேல். ஏற்கெனவே விறைப்பாக இருக்கும் வண்டியில் இதைச் செய்தால் நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பதாகிவிடும்.

17 மில்லிமீட்டர் எனக்குப் போதவில்லை. சிலருக்குப் போதும், அவர்கள் இங்கேயே நின்றுவிடலாம், அதுதான் புத்திசாலித்தனம். எனக்கு இன்னும் அதே அளவு வேண்டியிருந்தது. இங்கிருந்துதான் உண்மையான தாழ்த்தும் வேலை தொடங்குகிறது, இழப்புக் கணக்கும் தொடங்குகிறது.

பலரும் முதலில் கைவைக்கும் இடம் சீட். ஃபோமை அறுத்து எடுப்பது எளிது, திரும்பப் பெறவும் முடியும், வண்டியின் நடத்தையில் எதுவும் மாறுவதில்லை. ஆனால் இது டூரிங் வண்டி. காலை கிளம்பி மாலை வரை அதே சீட்டில் உட்காரப்போகிறோம். சீட் 30 மில்லிமீட்டர் இறங்கினால் பெக் இறங்குவதில்லை. முழங்கால் அந்த அளவுக்குக் கூடுதலாக மடங்கும். முதல் மணியில் தெரியாது, நான்காவது மணியில் தெரியும். அறுத்த ஃபோமுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தளமும் அதே நேரத்தில்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். நான் உயரத்தைத் தொடவில்லை. தொடைகள் இறங்கும் முன்பகுதியை மட்டும் இருபுறமும் ஒடுக்கச் சொன்னேன். பாதங்கள் நேராக இறங்கத் தொடங்கின. உறையைப் பிரித்து, ஃபோமைச் சீவி, மீண்டும் தைத்த செலவு இந்த முழு வேலையிலும் மிகவும் நியாயமானதாக எனக்குப் பட்டது. பூட்ஸின் அடியில் 15 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் சேர்த்துக்கொண்டேன். அதற்கேற்பக் கியர் லீவரைக் கொஞ்சம் மேலே தூக்கிவைக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்து லிங்க். பின்சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவே நெம்புகோல் அமைப்பு உள்ள வண்டிகளில், அதன் இணைப்புத் தகடுகளைச் சற்று நீளமான தகடுகளாக மாற்றினால் வண்டியின் பின்பகுதி இறங்கிவிடும். சந்தையில் தயாராகக் கிடைக்கும், விலை குறைவு, ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். குட்டையானவர்கள் கூடும் இடமெல்லாம் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான். நான் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பலருக்கும் சரியாகச் சொல்லப்படுவதில்லை.

நீளமான லிங்க் ஷாக்கின் நீளத்தைக் குறைப்பதில்லை. ஷாக் முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவே அமுங்கும். சக்கரம்தான் வண்டியின் உடலுக்கு 25 மில்லிமீட்டர் நெருக்கமான இடத்திலிருந்து தன் பயணத்தைத் தொடங்குகிறது. தொடக்கம் மேலே போனால் முடிவும் மேலே போகும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, பெட்டிகளும் நிறைந்து, கவனிக்காத பள்ளம் ஒன்றில் விழும்போது, தயாரிப்பாளர் டயருக்கு ஒதுக்கிய இடத்தையும் தாண்டி அது மேலே ஏறும். அங்கே மட்கார்டின் உட்புறமோ, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டோ, வயர்க் கற்றையோ இருக்கலாம். நிறுத்திவைத்த வண்டியில் எல்லாம் நன்றாகவே தெரியும். போதாக்குறைக்கு நெம்புகோலின் விகிதமும் மாறுகிறது. அதே ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்கும் அதே டாம்பிங், ஆனால் சக்கரத்துக்குக் கிடைப்பது வேறு. எல்லா லிங்க்குகளும் மோசம் என்று சொல்ல மாட்டேன். போடுகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்: ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கை மட்டும் மாட்டி, பின்சக்கரத்தை அதன் கடைசி எல்லை வரை கையால் தூக்கிப் பாருங்கள். டயர் எங்கே போய் முட்டுகிறது என்பது கண்ணால் தெரியும். ரப்பர் தடுப்பு நசுங்கும் இடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்ந்தெடுத்தது ஷாக்கையே உள்ளிருந்து குட்டையாக்கும் வழி. உள்ளே பிஸ்டன் தண்டில் ஒரு வளையம் நுழைக்கப்படுகிறது. ஷாக் முழுமையாக நீளும்போது அந்த வளையம் தடுத்து நிறுத்திவிடும். நீளும் எல்லை மட்டும் குறைகிறது. அமுங்கும் எல்லை பழைய இடத்திலேயே இருப்பதால் டயர் எங்கும் புதிதாக முட்ட வழியில்லை. இதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள். உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதை வெளியேற்றி, எண்ணெய் மாற்றி, மீண்டும் நிரப்பும் வசதி உள்ளவர்கள்தான் தொட வேண்டும்.

என் வண்டியில் ஷாக் ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் சக்கரம் 2.6 மில்லிமீட்டர் அசையும். 10 மில்லிமீட்டர் வளையம் வைத்தால் சக்கரத்தில் 26 மில்லிமீட்டர் குறையும். இந்தப் பெருக்கலை மறந்து, 25 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று 25 மில்லிமீட்டர் வளையத்தைக் கேட்பவர்கள் உண்டு என்று வேலை செய்த மெக்கானிக் சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார்: "ஷாக் பத்து மில்லிமீட்டர் குட்டையானால் ஸ்பிரிங்கும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பழைய நீளத்திலேயே திணித்தால் பிரீலோடு ஏறிவிடும். பிறகு நீங்கள் உட்கார்ந்தாலும் வண்டி இறங்காது. இவ்வளவு வேலையும் வீண்."

ஸ்பிரிங்கின் விறைப்பில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. என் எடைக்கு 90. ஆனால் நகர்வு இப்போது 170 அல்ல, 144. குறைந்த நகர்வுக்குள் அதே பள்ளங்களைச் சமாளிக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடிக்கடி அடிமட்டத்தில் போய் இடிக்கும். மெலிந்த உடம்பு மென்மையான ஸ்பிரிங்கைக் கேட்கிறது. தாழ்த்திய வண்டி விறைப்பானதைக் கேட்கிறது. தாழ்த்தும் வேலையின் சிக்கல் முழுவதும் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. கடைசியில் 100 என்று முடிவாயிற்று. பொருத்திய பிறகு அளந்தால், நான் உட்கார்ந்த நிலையில் அமிழ்வு 43 மில்லிமீட்டர், 144-இல் சரியாக 30 சதவீதம். ஆளில்லாமல் 18. வளையத்தால் குறைந்த 26-ஐயும் அமிழ்வில் கூடிய 9-ஐயும் சேர்த்தால் பின்பகுதி, நான் உட்கார்ந்திருக்கும்போது, முன்பைவிட 35 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது.

பின்பகுதியை மட்டும் இறக்கிவிட்டு அப்படியே ஓட்டுபவர்கள் ஏராளம். அவர்களிடம் கேட்டால் வண்டி நேர்ச்சாலையில் தேர்போல் அசையாமல் போகிறது என்பார்கள். வளைவில் திரும்ப மறுக்கிறது என்பதை இரண்டாவதாகச் சொல்வார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வால் இறங்கினால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்கோணம் படுத்துவிடுகிறது. 1450 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி உள்ள வண்டியில் பின்புறம் மட்டும் 25 மில்லிமீட்டர் இறங்கினால் கோணம் ஒரு டிகிரி மாறும். அதோடு டிரெயில், அதாவது திருப்பும் அச்சின் கோடு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், ஆறேழு மில்லிமீட்டர் கூடும். திருப்பம் மந்தமாகும். முன்புறத்தை மட்டும் இறக்கினால் நேரெதிர். துடிப்பாகத் திரும்பும், வேகத்தில் பதற்றம் காட்டும். பின்புறம் இறங்குவதன் இன்னொரு பின்விளைவு, பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மின் சரிவு குறைவது. ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போது செயினின் இழுப்பு பின்பகுதி அமுங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்குதல் சரிவைப் பொறுத்தது. சரிவு குறைந்தால் வளைவிலிருந்து வெளியேறும்போது வண்டி பின்னால் உட்கார்ந்துகொண்டு வெளிப்பக்கம் அகலும்.

ஆகவே முன்புறத்தையும் இறக்கினேன். ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கவ்விகளைத் தளர்த்தி, குழாய்களை 15 மில்லிமீட்டர் மேலே தள்ளினோம். ஃபோர்க் சாய்ந்திருப்பதால் உயரத்தில் குறைவது 13-ஐ ஒட்டித்தான். ஃபோர்க் ஸ்பிரிங்கையும் என் எடைக்கு மாற்றியதில் இன்னும் 12 கிடைத்தது. ஆக முன்னால் 25, பின்னால் 35. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது சாய்கோணத்தில் 0.4 டிகிரி. வண்டி கொஞ்சம் நிதானமாகியிருக்கிறது. பயண வண்டிக்கு அது குறையல்ல என்று விட்டுவிட்டேன்.

குழாய்களை மேலே தள்ளும்போதும், பின்சக்கரத்துக்குச் சொன்ன அதே ஆபத்து உண்டு. ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது மட்கார்டு 15 மில்லிமீட்டர் கூடுதலாக மேலே வரும். ரேடியேட்டரோ கீழ்க் கவ்வியோ அங்கே காத்திருக்கலாம். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஃபோர்க்கை முழுமையாக அமுக்கிப் பார்த்தோம். மட்கார்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. கவ்வி போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டுமே முறுக்க வேண்டும். அதிகம் முறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே ஃபோர்க் சிக்கும். ஓடத் தொடங்கிய பிறகு ஃபோர்க் குழாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவைத்தேன். கடும் பிரேக்கிலும் பள்ளத்திலும் ஃபோர்க் எதுவரை அமுங்கியது என்பதை அது தள்ளப்பட்ட இடம் காட்டிவிடும். பிஎம்டபிள்யூவின் டெலிலிவர் போல, முன்புறச் சுமையை ஃபோர்க்குக்குப் பதிலாகத் தனி ஷாக் ஒன்று தாங்கும் அமைப்பு உள்ள வண்டிகளில் இந்தக் குழாய் தள்ளும் வழி கிடையாது. முன் ஷாக்கைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

சீட் எவ்வளவு இறங்கியது? 32 மில்லிமீட்டர். சீட் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே பின்னால் இறக்கியதில் மூன்றில் இரண்டு பங்கும் முன்னால் இறக்கியதில் ஒரு பங்கும்தான் அதற்கு வந்து சேரும். பின்புறம் மட்டும் 35 இறக்கியிருந்தால் சீட்டுக்கு 23 மட்டுமே கிடைத்திருக்கும். பூட்ஸின் 15-ஐயும் சேர்த்தால் 47 மில்லிமீட்டர். சீட் ஒடுங்கியதில் கிடைத்ததை நான் அளக்கவில்லை, ஆனால் தொடைகள் அதை உணர்கின்றன. நுனிவிரல்கள் மட்டும் தொட்ட இடத்தில் இப்போது இரண்டு முன்பாதங்களும் அழுந்தி நிற்கின்றன.

பிறகு சைடு ஸ்டாண்ட். இதைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை, எச்சரித்தாலும் அவசரத்தில் கேட்பதில்லை. வண்டி இறங்கியது, ஸ்டாண்டு இறங்கவில்லை. ஆகவே வண்டி சாய்ந்து நிற்பதற்குப் பதிலாக விறைப்பாக நிமிர்ந்து நிற்கிறது. பெட்டிகள் ஏறியதும் இன்னும் நிமிரும். காற்று அடித்தாலோ, யாராவது பையை வலப்பக்கமாக எடுத்தாலோ மறுபக்கம் சாய்ந்துவிடும். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு டயர்களுக்கு அடியிலும் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போக வேண்டும், ஸ்டாண்டு தரையில் இருக்கட்டும். வண்டி பழைய சாய்வுக்கு வந்ததும் பலகைகளின் தடிமனை அளந்தால் அதுதான் கணக்கு. இதைச் சுமையோடு ஒரு தடவையும் சுமையில்லாமல் ஒரு தடவையும் செய்துவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம். முதலில் குறைவாகவே வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட இன்னொரு வெல்டிங் வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது இப்போது கடினம். வண்டி தாழ்ந்திருப்பதால் அதிகம் தூக்க வேண்டியிருக்கிறது. பின்சக்கரத்தை ஒரு பலகையில் ஏற்றிவிட்டு மிதித்தால் பழையபடி எழும்புகிறது. செயின் தளர்வைப் புதிய உயரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும் சுவர் எதிரே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். இவை சில நிமிட வேலைகள்.

இழப்பு என்ன என்றால், தரைக்கும் எஞ்சினின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி 30 மில்லிமீட்டர் போல் குறைந்துவிட்டது. வேகத்தடைகளை இப்போது மரியாதையோடு கடக்கிறேன். வளைவில் சாயும் எல்லை இரண்டு மூன்று டிகிரி குறைந்திருக்கிறது. பெக்கின் நுனி முன்பைவிடச் சீக்கிரம் சாலையைத் தொடும். பெட்டிகளோடு போகும் நான் அந்த எல்லைக்கு அருகில் போவது அரிது. கரடுமுரடான பாதைகளில் நாள் முழுக்க ஓட்டுபவராக இருந்திருந்தால் இந்த 26 மில்லிமீட்டர் நகர்வைக் கொடுத்திருக்கவே மாட்டேன். சீட்டோடும் ஸ்பிரிங்கோடும் நிறுத்தியிருப்பேன்.

தயாரிப்பாளர்களும் இப்போது இந்தப் பிரச்சினையை மதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியின் சீட் வழக்கமாக 850 அல்லது 870 மில்லிமீட்டராக இருந்தது. தொழிற்சாலையிலேயே தாழ்த்திய சஸ்பென்ஷனோடு வாங்கியவர்களுக்கு 800 அல்லது 820 கிடைத்தது. ஹார்லியின் பான் அமெரிக்கா 2021-இல் வந்தபோது, நிற்கும்போது தானே தாழ்ந்து ஓடும்போது உயரும் அமைப்பைக் கொண்டுவந்தது. டிரையம்ஃப் டைகர் 1200-இல் நிற்கும்போது பின் பிரீலோடைத் தளர்த்தி 20 மில்லிமீட்டர் வரை இறக்கும் வசதி உண்டு. பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸிலும் 30 மில்லிமீட்டர் இறங்கும் அமைப்பை விருப்பத் தேர்வாகப் பெறலாம். கால் தேவைப்படும் சில நொடிகளுக்கு மட்டும் இறங்கி, மற்ற நேரம் முழு நகர்வையும் கொடுக்கும் இந்த யோசனைதான் சரியான விடை. புதிதாக வாங்கப்போகிறவர்கள் முதலில் இவற்றைப் பார்க்கலாம். பழைய வண்டியைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு நாடாவும் பலகையும்தான்.

சுமை ஏறினால் பிரீலோடைக் கூட்ட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 25 கிலோ பையைப் பின்னால் கட்டினால் என் வண்டி இன்னும் 16 மில்லிமீட்டர் போல் அமிழ்கிறது. கால் இன்னும் நன்றாக எட்டுகிறதே என்று அப்படியே விட்டுவிட ஆசைதான் வரும். ஆனால் ஏற்கெனவே குறைந்த நகர்வில் அதையும் தின்றுவிட்டால் பள்ளத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஷாக்கோடு கூடவே, கையால் திருகிப் பிரீலோடு மாற்றும் ஹைட்ராலிக் குமிழையும் போட்டுக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஸ்பேனர் தேடி எடுத்து அதைச் செய்ய வேண்டியிருந்தால் யாரும் செய்யமாட்டார்கள், நானும் செய்யமாட்டேன்.

மீதி எல்லாம் பழக்கம். நிற்கும்போது வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில். இடுப்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் பாதம் முழுமையாகப் பதிந்துவிடுகிறது. நிறுத்துவதற்கு முன்பே சாலை எந்தப் பக்கம் சரிகிறது என்று கண் பார்த்துவிடுகிறது. சுவரை நோக்கிய இறக்கத்தில் மூக்கை நுழைத்து வண்டியை விட மாட்டேன். பின்னால் தள்ள வேண்டுமானால் இறங்கி நின்று, இடுப்பை வண்டியோடு ஒட்டிக்கொண்டு தள்ளுகிறேன். அளவெடுக்க வண்டியைப் பிடித்து நின்ற அந்த ஆறடி நண்பர், வேலை முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி அருமையாக இருக்கிறதாம், ஆனால் அவர் எடைக்கு ஸ்பிரிங் மிகவும் மென்மையாம், பள்ளத்தில் இடிக்கிறதாம். விறைப்பான ஸ்பிரிங்காகப் பார்த்து ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னேன்.